600 மிமீ-இல் இறகு விவரம் வரவில்லை, பின்னணியும் குழம்புகிறது: லென்ஸ் காரணமா?

இலைமறைவு:
வணக்கம். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, 150-600 மிமீ லென்ஸ், கையில் பிடித்தே பறவைகளை எடுக்கிறேன். பெரும்பாலும் 600 மிமீ, எஃப் 6.3 (லென்ஸ் துளை அளவு), ஷட்டர் வேகம் 1/500 நொடி. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400-ஐத் தாண்ட விடுவதில்லை. தேன்சிட்டு கேமராத் திரையில் நன்றாகத் தெரிகிறது. கணினியில் பெரிதாக்கினால் இறகெல்லாம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. வெண்கொக்கின் முதுகு வெறும் வெள்ளைத் திட்டு. பின்னால் குச்சிகள் கோடுகோடாக நிற்கின்றன. லென்ஸை மாற்ற வேண்டுமா?

நாணல்காடு:
லென்ஸை விட்டுவிடுங்கள். மங்கலான படத்தை 100 சதவீதத்தில் திறந்து, பறவை பிடித்திருக்கும் கிளையைப் பாருங்கள். கிளை தெளிவு, தலை மட்டும் மங்கல் என்றால் பறவை அசைந்திருக்கிறது. கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். முன்னாலோ பின்னாலோ வேறொரு இலை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உங்கள் சென்சாரில் 600 மிமீ என்பது முழு அளவுச் சென்சாரில் ஏறக்குறைய 900 மிமீ லென்ஸ் தரும் கோணம். கையில் பிடித்து 1/500 போதாது. லென்ஸின் அதிர்வுக் குறைப்பு கை ஆட்டத்தைத்தான் தாங்கும். தேன்சிட்டு தலை திருப்புவதை அது நிறுத்தாது. உட்கார்ந்த சிறு பறவைக்கு 1/1250-இல் தொடங்குங்கள், பறப்பதற்கு 1/2500-க்கு மேல். அதற்கு ஐஎஸ்ஓ 1600, 3200 போனால் போகட்டும். அதனால் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைவில் போன இறகு திரும்பாது. 400-லேயே கட்டிவைத்து இருட்டாக எடுத்து, மென்பொருளில் தூக்கினாலும் இரைச்சல் வரத்தான் செய்யும்.

8 மீட்டரில் எஃப் 6.3 வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் தெளிவின் ஆழம் (முன்பின்னாகத் தெளிவாக விழும் அளவு) சுமார் நாலரை செ.மீ.தான். தொடர் ஃபோகஸில் ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள்; மார்பில் வைத்தால் கண் நழுவும். மேனுவல் முறையில் ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவிடம் விடுவது (ஆட்டோ ஐஎஸ்ஓ) வசதி.

ஈரமணல்:
ஆட்டோ ஐஎஸ்ஓ புதருக்குள் சரி. திறந்த வெயிலில் வெண்கொக்குக்கு வேண்டாம். பின்னால் கரும்பச்சை வந்தால் கேமராவின் ஒளிமீட்டர் படத்தை வெளிச்சமாக்கும், கொக்கு வெளுத்துவிடும். பறவைமேல் விழும் ஒளி மாறவில்லையே, பின்னணிதானே மாறியது? ஐஎஸ்ஓவையும் கையாலேயே வையுங்கள். தெளிவான வெயிலில் எஃப் 6.3, 1/2500, ஐஎஸ்ஓ 400 சாதாரண நிறப் பறவைக்குப் பொருந்தும். வெண்கொக்குக்கு ஐஎஸ்ஓ 200. வெயில் சாய்ந்தால் கூட்டுங்கள். வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டு, முதுகு மினுக்காத வரை சரிபாருங்கள். ராவ் (கேமரா பதப்படுத்தாத) கோப்பும் முழுதாக வெளுத்ததை மீட்காது.

உங்கள் நிழல் பறவையை நோக்கி நீள்கிறதா பாருங்கள். அப்போதுதான் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். உச்சிவெயிலில் கண்குழி இருண்டுவிடும்.

பின்னணிக்கு எஃப் எண்ணைவிடத் தூரம் முக்கியம். பறவை உங்களிடமிருந்து 8 மீட்டர், புதர் அதன் பின்னால் 1 மீட்டர் என்றால் எந்த லென்ஸிலும் குச்சி தெரியும். புதர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் எஃப் 8-இல்கூடக் கரைந்துவிடும். ஷட்டரை அமுக்கும் முன் இரண்டடி இடமோ வலமோ நகருங்கள். தரைப்பறவைக்குப் படுத்துவிடுங்கள்: கேமரா தாழத் தாழ, பின்னணி பக்கத்துத் தரையாக இல்லாமல் தொலைவுக்குப் போகும். உயரக் கிளைக்கு நேர்மாறு, பின்வாங்கினால் கோணம் தணிந்து வெற்று வானம் விலகும்.

பின்னணிக்காகக் கூட்டருகே ஓர் இலையைக்கூட ஒடிக்காதீர்கள். மறைவு போனால் குஞ்சுகள் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் படும்.

இலைமறைவு:
பார்த்தேன். தேன்சிட்டுப் படங்களில் கிளை தெளிவு, தலை மங்கல். ஆனால் தூரத்து நீர்க்காகம் 1/3200-லும் மங்கல்தான், முக்காலி வைத்தும்.

உச்சிக்கிளை:
அது சூட்டில் அலையும் காற்று. சூடான தரைக்கோ நீருக்கோ மேலே நெடுந்தூரம் எடுத்தால் கானல் அலை இறகைக் குலைக்கும். ஷட்டர் வேகம் உதவாது. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். அலகின் விளிம்பு படத்துக்குப் படம் வெவ்வேறாக நெளிந்தால் ஐயமே இல்லை. விடியலில் போங்கள், அல்லது பறவை நெருங்கி வரும்வரை காத்திருங்கள். முன்னால் பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள்; மலிவான கண்ணாடி 600 மிமீ-இல் தெளிவைத் தின்னும். முன்கண்ணாடிக்குக் காப்பாக லென்ஸ் ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் குழல்) போதும்.