இன்சுலினை விட்டுவிடும் இரவுக் காவலாளி: எங்கிருந்து தொடங்குவது?

புதுச்செவிலி:
சமுதாயச் செவிலியராகச் சேர்ந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. நான் போகும் பகுதியில் ஒரு இரவுக் காவலாளி இருக்கிறார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஐம்பதைத் தாண்டியவர், பல வருடச் சர்க்கரை நோய், பாதத்தின் அடியில் ஆறாத புண். ஒரே அறையில் வேறு சிலரோடு தங்கியிருக்கிறார், குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மாலை இன்சுலினை அடிக்கடி விட்டுவிடுகிறார். குறித்துக் கொடுத்த தேதிக்கு மருத்துவமனைக்கும் வருவதில்லை. எனக்கு முன்பு போனவர் கோப்பில் 'அறிவுரை கூறப்பட்டது, ஒத்துழைக்கவில்லை' என்றே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அதே அறிவுரையை நானும் சொன்னேன், தலையாட்டினார். நிலைமை மாறவில்லை. இதே வயதில், இதே நோயோடு, வசதியான வீட்டில் இருப்பவருக்குப் புண் ஆறிவிட்டது. மனசு கேட்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நடைவழி:
தங்கச்சி, 'ஒத்துழைக்கவில்லை' என்ற வரியை நீங்கள் எழுதாதீர்கள். அடுத்து கோப்பைத் திறப்பவர் எல்லாரும் அவரை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். நடப்பதை எழுதுங்கள்: 'இரவு வேலையில் சாப்பிட நேரம் கிடைப்பதில்லை, அதனால் மாலை ஊசியை விடுகிறார்.' இதைப் படிக்கும் மருத்துவருக்கு மருந்தை மாற்றத் தோன்றும்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் சொல்கிறேன், ஊசியை விடுபவர்களில் பலருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். காவல் வேலையில் மயங்கி விழுந்தால் வேலையே போய்விடும். ஒரு தடவை அப்படி ஆனவர் மறுபடி ஊசியைத் தொடுவாரா? 'ஏன் போடவில்லை' என்று கேட்டால் தலைதான் ஆடும். 'நேற்று சாயங்காலத்திலிருந்து காலை வரை என்ன செய்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள்' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு மருத்துவரிடம் போய், வேலை நேரத்துக்குத் தக்கபடி ஊசியின் வகையையும் நேரத்தையும் மாற்றித் தரக் கேளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாததைச் சமாளிக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். உள்ளே இருக்கும் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். திறக்காத குப்பிகள்தான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். அவற்றை உங்கள் நிலையத்திலேயே வைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்க முடியுமா பாருங்கள்.

அப்புறம் புண். பாதத்தில் உணர்ச்சி போயிருந்தால் வலிக்காது, ராத்திரி முழுக்க அதன் மேலேயே நிற்பார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று சோதியுங்கள். எவ்வளவு நல்ல கட்டு போட்டாலும், எடை அந்த இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் அடிப்பாதப் புண் ஆறாது. அதற்கேற்ற காலணிக்கு வழி செய்யுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டுமென்று மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தரலாம். ஆனால் காவலாளியின் சம்மதம் இல்லாமல் அவர் முதலாளியிடம் பேசிவிடாதீர்கள். நோய் இருப்பது தெரிந்தாலே வேலையை விட்டு எடுப்பவர்கள் உண்டு.

பாடவேளை:
செவிலியர் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வேல்ஸின் சுரங்கப் பகுதியில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இதைத்தான்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது. அமெரிக்கச் செவிலியர் லிலியன் வால்ட் 1893இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புப் பகுதியிலேயே குடியேறி வேலையைத் தொடங்கியதும் அதனால்தான். நோயாளியின் அன்றாடம் தெரியாமல் அவருக்கான சிகிச்சையைத் திட்டமிட முடியாது.

இன்னொன்று. நோயாளி கருத்த நிறத்தவர் என்றால், தொற்றின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு வெப்பத்தை ஒப்பிடுங்கள், வீக்கத்தையும் இறுக்கத்தையும் பாருங்கள். கருவிகளிலும் இந்தக் குறை உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

மகள்:
நான் செவிலியர் இல்லை. அப்பாவுக்குக் காசநோய் வந்தபோது வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றே மருந்தைப் பற்றிச் சத்தமாகக் கேட்பார். அக்கம்பக்கத்தார் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். அவரிடம்தான் அப்பா உண்மையைச் சொன்னார். அந்த அறையில் மற்றவர்கள் இருக்கும்போது காவலாளியிடம் எதையும் கேட்காதீர்கள், தயவுசெய்து.

புதுச்செவிலி:
எல்லாருக்கும் நன்றி. மற்றவர்கள் வேலைக்குப் போனபின், அவர் தூங்கி எழும் நேரமாகப் பார்த்துப் போகிறேன். அக்கா, புண்ணுக்காக உடனே அனுப்ப வேண்டியது எப்போது?

நடைவழி:
காய்ச்சல், பாதம் கருத்துப்போவது, துர்நாற்றம், வீக்கமோ சூடோ மேலேறுவது, புண்ணில் எலும்பு தட்டுப்படுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அனுப்புங்கள். முடிந்தால் கூடவே போங்கள். தனியாக அனுப்பினால் வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிவிடுவார்.