புதுப்பிப்பு: ராயல் பைத்தான் உறைந்த எலிக்கு மாறிவிட்டது

உயிருள்ள எலியை மட்டுமே தின்று பழகிய எங்கள் ராயல் பைத்தானை (வீட்டில் வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு இனம்), இறந்து உறையவைத்த எலிக்கு மாற்றுவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. மாறிவிட்டது. எலி திருப்பிக் கடித்துக் குதறிவிடுமோ என்ற பயமும் போனது.

பலன் தந்தது, எலியின் தலையைச் சூடாக்கச் சொன்ன யோசனைதான். இந்தப் பாம்பு இனத்துக்கு மேலுதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. ஆறிப்போன எலியை இரையாகவே மதிப்பதில்லை. இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் உருகவிட்டு, மூடிய பையோடு வெந்நீரில் வைத்தேன். கடைசியாகத் தலையை மட்டும் ஹேர் டிரையரால் 38 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே கொண்டுவந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் பிடித்து லேசாக அசைத்தேன். பாம்பின் கழுத்து மெல்லப் பின்வாங்கி மடிந்தது, நாக்கு நின்றது. அடுத்த நொடி எலி சுருளுக்குள் இருந்தது.

எலியின் மேல் கோழிச் சாறு தடவும் யோசனை எங்களிடம் எடுபடவில்லை. மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள்; எலி ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் உறைந்தே கிடக்கும், அதன் வயிறும் வெடிக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: ரோமம் ஈரமாக இருந்தால் எங்கள் பாம்பு முகம் திருப்பிக்கொள்கிறது. துடைத்து உலர்த்திய பிறகே கொடுக்கிறேன். விழுங்கியபின் இரண்டு நாள் அதைக் கையில் எடுப்பதில்லை, எடுத்தால் கக்கிவிடக்கூடும்.