இலங்கையின் வர்த்தக உடன்படிக்கைகள்: பட்டியல் நீளம், ஏற்றுமதி ஏன் பழைய சந்தைகளுக்கே?

கேள்வி

உயர்தர வகுப்பில் பொருளியல் கற்பிக்கிறேன். இலங்கை 1995 முதல் உலக வர்த்தக அமைப்பில் அங்கம் வகிக்கிறது; 1975இல் பாங்கொக் உடன்படிக்கையாகத் தொடங்கி இன்று ஆசிய பசிபிக் வர்த்தக உடன்படிக்கை எனப்படும் ஏற்பாட்டில் ஆரம்பம் முதலே இருக்கிறது; தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஏற்பாடான சாப்டாவிலும் (SAFTA), வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கிலும் உறுப்பு நாடு; இந்தியா, பாகிஸ்தான், சிங்கப்பூர் ஆகியவற்றோடு தனித்தனி உடன்படிக்கைகளும் உண்டு; தாய்லாந்துடன் 2024 பெப்ரவரியில் கையெழுத்தானது. இவற்றைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் ஒரு மாணவி, "அப்படியென்றால் நமது ஆடைகள் ஏன் இன்னும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமே போகின்றன, சேர்?" என்று கேட்டாள். அவளுக்குச் சரியான விடை சொல்ல விரும்புகிறேன்.

பதில் 1

நல்ல கேள்வி. உடன்படிக்கையின் பெயரை விட்டுவிட்டு அதன் பின்னிணைப்பைப் படித்தால் விடை கிடைக்கும். 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய உடன்படிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆடைகளுக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகள் என்று வரம்பு வைத்தார்கள். அவற்றிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்தவையாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 25 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை ஏற்றுமதி செய்த நாட்டுக்கு 1.5 கோடி கிலோவுக்கு மட்டும், அதுவும் பாதித் தீர்வைச் சலுகைதான். நாம் நன்றாகச் செய்யும் பொருட்களுக்கே வாசல் ஒடுக்கமாக இருந்தது. நியாயமாகச் சொன்னால், நமது எதிர்மறைப் பட்டியல், அதாவது சலுகை தராத பொருட்களின் பட்டியல், இந்தியாவுடையதைவிட நீளமானது; தீர்வையைக் குறைக்க நாம் 8 ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம், இந்தியாவுக்குக் கிடைத்தது 3 ஆண்டுகள்.

பதில் 2

சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால், மேலே சொல்லப்பட்டதோடு மூல விதியையும், அதாவது ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதியையும், சேர்க்கிறேன். இந்திய உடன்படிக்கையின் கீழ் சலுகை பெற, பொருளின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்ந்த பெறுமதியாக இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் இங்கே 25 சதவீதம் போதும். வர்த்தகத் திணைக்களம் வழங்கும் மூலச் சான்றிதழ் இல்லாமல் எந்தச் சலுகையும் இல்லை. ஒருமுறை சான்றிதழில் இருந்த சுங்கக் குறியீடும் விலைப்பட்டியலில் இருந்ததும் ஓர் இலக்கத்தால் வேறுபட்டதால், நான் அனுப்பிய தேங்காய்த்தும்புச் சரக்கு மறுகரையில் நாட்கணக்கில் முடங்கிக் கிடந்தது. சிறு ஏற்றுமதியாளர்கள் பலர் இந்த அலைச்சலுக்குப் பயந்து முழுத் தீர்வையையே கட்டிவிடுகிறார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

வனஸ்பதியின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை உயர்வாக இருந்த காலத்தில், அந்த எண்ணெயை இங்கே இறக்கி வனஸ்பதியாக்கித் தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் முளைத்தன. இந்தியா அளவுக்கட்டுப்பாடு விதித்தது. 2008இல் தன் பாமாயில் தீர்வையையும் குறைத்ததும் அந்தத் தொழிலின் அடித்தளமே போய்விட்டது. தீர்வை வேறுபாட்டை மட்டும் நம்பி எழுந்த ஏற்றுமதி அப்படித்தான் முடியும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஜிஎஸ்பி பிளஸ் சலுகையையும் இதே பட்டியலில் எழுதலாமா?

பதில் 3

எழுதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உடன்படிக்கை என்றால் இரு தரப்பும் பேசிக் கையெழுத்திடுவது. ஜிஎஸ்பி பிளஸ் ஐரோப்பிய ஒன்றியம் தானாகத் தரும் சலுகை, தானாகவே எடுத்தும் கொள்ளலாம். மனித உரிமை உள்ளிட்ட 27 சர்வதேச சாசனங்களை நடைமுறைப்படுத்துவது அதன் நிபந்தனை. அதில் தவறியதாகக் கூறி 2010 ஆகஸ்டில் நம்மிடமிருந்து எடுத்தார்கள், 2017 மே மாதத்தில் திருப்பித் தந்தார்கள். அமெரிக்காவுடன் நமக்குத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கையே இல்லை. ஆனாலும் தனி நாடாகப் பார்த்தால் நமது மிகப் பெரிய சந்தை அதுதான். அங்கே நமது ஆடையை வாங்குபவர் தரத்தையும் குறித்த நாளில் சரக்கு வந்து சேர்வதையும் பார்த்து வாங்குகிறார்.

சலுகை இருக்கும் ஐரோப்பாவிலும் துணி விவகாரம் குறுக்கே வருகிறது. சீனத் துணியை இறக்கி இங்கே வெட்டித் தைத்தால் மட்டும் ஐரோப்பிய விதிப்படி அது பொதுவாக இலங்கைப் பொருள் ஆகாது. துணி நெய்வதும் இங்கே நடக்க வேண்டும். அதனால்தான் சலுகை கையில் இருந்தும் தீர்வை கட்டிப் போகும் ஆடைகள் உண்டு. உங்கள் மாணவியிடம் ஒரு சட்டையைக் காட்டி, இதன் துணி எங்கே நெய்யப்பட்டது என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள், சேர்.