புதுப்பிப்பு: லாரியின் ஆயில் பிரஷர் குறைவு, பம்ப் காரணமல்ல

எஞ்சின் சூடேறியதும் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் குறைவைக் காட்டும் விளக்கு எரிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஆயில் பம்பை மாற்றச் சொன்னவர்களே அதிகம், நல்லவேளை, மாற்றவில்லை. சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷரை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் 4 பார். சூடானபின் ஐடிலில் அரை பார்கூட இல்லை. விளக்கு பொய் சொல்லவில்லை.

குட்டு உடைந்தது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில்தான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. குறைகிறதா என்றுதான் தினமும் பார்த்தேன். கூடுவதை யார் சந்தேகிப்பார்கள்? துடைத்த துணியில் டீசல் வாடை. வால்வு மூடிக்குள், இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் கசிந்து, டீசல் சம்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கி, ஆயிலை நீர்க்கச் செய்து பிரஷரைக் குறைத்திருக்கிறது.

சம்பை இறக்கி பேரிங்குகளைப் பார்த்தோம், செம்பு தெரியும் அளவுக்குத் தேயவில்லை. ரிட்டர்ன் குழாயின் வாஷர்கள், ஃபில்டர், ஆயில் எல்லாம் புதிது. இப்போது சூட்டிலும் ஐடிலில் 1.5 பார்.