திருட வந்தவனே நஷ்டஈடு கேட்கிறான், யாருக்காவது நடந்திருக்கிறதா?

கானாடுகாத்தான்காரன்:
பூட்டிக்கிடந்த பெரிய வீட்டில் ராத்திரி இரண்டாங்கட்டு (உள்முற்றப் பகுதி) ஓட்டைப் பிரித்து இறங்கிவிட்டார்கள். வேலைப்பாடுள்ள பழைய நிலைக்கதவைப் பெயர்த்து விற்கத்தான் வந்திருப்பார்கள், நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் தெரிந்த கதைதானே. காவலுக்குப் படுத்திருந்தவர் சித்தப்பா. ஒருவன் கடப்பாரையை ஓங்க, கைக்கு அகப்பட்ட உலக்கையால் அவன் முழங்கையில் போட்டார். போலீஸ் விசாரித்துவிட்டு, தற்காப்பு என்று சித்தப்பா மேல் வழக்கே போடவில்லை. அப்புறம், வீட்டில் முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கிற அன்றைக்குப் பதிவுத் தபால். கை வேலைக்கு ஆகாமல் போய்விட்டதாம், நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ். கடப்பாரைக்கு முன்னால் நின்ற மனிதர், தபால்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட முடியாமல் விரல் நடுங்கி நின்றார். அது கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, கை போனவன் கேட்கத்தான் செய்வான். எங்கள் கொழுந்தனார் தேங்காய்த் திருட்டுக்குப் பயந்து தோப்பு வேலியில் கரண்ட் விட்டார். ஆடு மேய்க்கிற பையன் தொட்டுவிட்டான். உள்ளங்கையில் குறுக்கே கம்பி பதிந்து கருகிய கோடு. பணம் கொடுத்துத்தான் தீர்த்தோம்.

தேவகோட்டை வக்கீல் குமாஸ்தா:
ஆச்சி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கரண்ட் கம்பிக்கு ஆள் தெரியாது. பீகாரில் கக்கூஸுக்கு ஆள் வராமலிருக்கக் கம்பியில் கரண்ட் விட்டு ஒரு பெண் இறந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் வரை போயும் கரண்ட் விட்டவருக்குத் தண்டனைதான். கண்முன் ஓங்கியவனைத் தடுப்பது வேறு.

தம்பி, போலீஸ் விட்டுவிட்டது என்பதை வைத்து சிவில் கோர்ட் முடிவு செய்யாது. கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். ஆனால் தற்காப்பு அங்கேயும் எதிர்வாதம்தான். ஆபத்தில் நிற்பவன் அடியைத் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பதை 2010 தர்ஷன் சிங் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே ஏற்றிருக்கிறது. தற்காப்புக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐபிசியில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 34 முதல் 44. எத்தனை அடி, எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வியே. எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு கட்சிக்காரர், விழுந்தவன் முதுகில் இன்னொன்று போட்டிருந்தார். காயச் சான்றிதழ் அதைக் காட்டிக்கொடுத்தது. தனியாகக் கூப்பிட்டுப் பணம் பேசாதீர்கள். வக்கீல் வைத்துப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிரித்த ஓட்டின் போட்டோ, கடப்பாரையைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதிய மகஜர் (சாட்சிகள் கையெழுத்திட்ட பதிவு) எல்லாம் வேண்டும்.

கானாடுகாத்தான்காரன்:
ஒரே அடிதான் அண்ணே, அதுவும் முன்பக்கம். மகஜர் நகல் ஸ்டேஷனிலேயே கொடுப்பார்களா, கோர்ட்டில் நகல் மனு போட வேண்டுமா?