கொட்டாஞ்சேனை மதில் ஓவியத்துக்கு ஆலோசனை தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். துவக்குச் சூட்டில செத்த எங்கட ஒழுங்கைப் பெடியனுக்கு ஒரு மதிலில நினைவோவியம் கீறப்போறம். வீட்டுக்காரர் ஓம் எண்டிட்டார். முகம் வேண்டாமாம், போகவர பார்க்க ஏலாதெண்டு தாய் சொல்றா. நியாயம்தானே.

2019இல சிகாகோவில துவக்குச் சூட்டில செத்தவையின்ட நினைவா கண்ணாடிக் கல்லால நாலு வீடு கட்டி வச்சவை. வீட்டுக்கு 700 கல்: அமெரிக்காவில அப்ப துவக்கால சராசரியா ஒரு கிழமைக்குப் போன உயிர்க் கணக்கு. கல்லுகளுக்குள்ள செத்தவையின்ட சாமான்கள். அதுமாதிரி இவன்ட சைக்கிளையும் கிரிக்கெட் பட்டையும் மட்டும் கீற யோசிக்கிறம்.

மதிலில ஓதம் ஏறி அடிப்பூச்சு உதிருது, உப்புக்காத்து வேற. என்ன பிரைமர் அடிக்கலாம்? ரோட்டுப் பக்க மதிலுக்கு மாநகர சபை அனுமதி வேணுமா? வெளிச்சுவரில கீறிப் பழகினவை இருந்தா இன்பொக்ஸ் வாங்கோ. கூலி தருவம், கொஞ்சம்தான்.