புதுப்பிப்பு: டேங்க் நிரப்பினாலும் ஃபுல் காட்டாத பெட்ரோல் முள் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் பழைய பெட்ரோல் காரில் டேங்க் நிரப்பினாலும் முள் முக்காலைத் தாண்டாது, பாதிக்குக் கீழே போனால் சட்டென்று காலிக்கு விழுந்துவிடும். மீட்டரையே மாற்றச் சொன்னார்கள் சிலர். அது தேவைப்படவில்லை.

"முதலில் எர்த்தைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. எர்த் என்பது மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரை பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. எமரி தாளால் தேய்த்து இறுக்கியதும் முள் ஃபுல்லைத் தொட்டது. இந்த வண்டியில் பெட்ரோல் குறையக் குறைய, டேங்குக்குள் மட்டத்தை அளக்கும் மிதவை யூனிட்டின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். கெட்ட எர்த்தின் தடையும் அதோடு சேர்ந்ததால்தான் குறைத்துக் காட்டியிருக்கிறது.

எதிர்பாராதது, பாதியில் விழுவது அப்புறமும் நிற்கவில்லை. அது தனிக் கோளாறு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்தவெளியில் வைத்து, மெக்கானிக் மிதவை யூனிட்டை வெளியே எடுத்தார். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மிதவையை மெல்ல இறக்கினால், பாதியைத் தாண்டியதும் ரீடிங் அறுந்துபோகிறது. யூனிட்டில், மிதவையோடு நகரும் கான்டாக்ட் உரசும் தடம் அந்த இடத்தில் தேய்ந்து வெளிறியிருந்தது. கிளீனர் அடித்தும் பலனில்லை. புது யூனிட் போட்டதும் முள் ஒழுங்காக இறங்குகிறது.

ஒன்று முக்கியம்: மிதவை யூனிட் மூடியின் ரப்பர் சீல் பெட்ரோலில் ஊறி உப்பியிருந்ததால் திரும்பப் பொருந்தவில்லை. திறப்பதற்கு முன்பே புது சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.